நோட் பத்து

கணினியில் ஹீட்டருக்கு உடம்பு கிடையாது.
குழாய் முடிகிற இடத்தில்
நோட் பத்து என்றொரு புள்ளி,
அதன்மேல் ஓர் ஆங்கர்.
நகராதே, திரும்பாதே,
உள்ளே என்ன எரிந்தாலும் அசையாதே என்று
நான்தான் அதற்குச் சொல்லிவைத்தேன்.
ஒரே சொடுக்கு.

ஓட்டினேன். சிவப்பு.
நாசில் தாங்கக்கூடியதைப் போல்
மூன்றேகால் மடங்கு.

"இன்னொரு லூப் போடு" என்றார் கூ.
எங்கே போட?
இடப்பக்கம் கூலிங் டவர்,
வலப்பக்கம் தீயணைப்பு லாரி திரும்பும் பாதை,
தலைக்கு மேலே கிளிசரின் லைன்கள்.
நடுவில் நம் குழாய்,
பந்தி நிறைந்த பிறகு வந்து
இலைக்கு அலைகிறவனைப் போல.

பாலம் கடந்து பிறைக்குப் போனேன்.
பெயரில் மட்டும் நிலா. ஊரெல்லாம்
காய்ச்சிய பாமாயிலின் கொழுப்பு மணம்.

சர்குணனின் ஷிப்ட் நோட்டில்
ஆறு வருடமாக ஒரே வரி,
வெவ்வேறு பேனாக்களில்:
'அவுட்லெட் பிளேஞ்சில் எண்ணெய்க் கசிவு. கேஸ்கெட் மாற்றப்பட்டது.'
ஜனவரி. ஜூலை. ஜனவரி.
"அதுக்கு அப்படியொரு பழக்கம், மிஸ்."

ஹீட்டர் அணைந்து மூன்று நாள்.
சாரத்தில் ஏறி கெய்டு தகட்டைத் துடைத்தேன்.
துருவுக்கு நடுவே
நகத்தால் கீறியதுபோல்
நெட்டுக்குத்தாய் ஒரு பளபளப்பு.
அளவுகோல் வைத்தேன். இருபத்தேழு.
நகராது என்று நான் எழுதிக்கொடுத்த புள்ளி
தீ மூட்டும்போதெல்லாம் இருபத்தேழு மில்லிமீட்டர் இறங்கி,
அணைக்கும்போதெல்லாம் ஏறி,
ஆள் பார்க்காத இடத்தில்
தன் கணக்கைத் தானே எழுதி வைத்திருக்கிறது.

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பார்கள்.
இது ஆறு வருடத்தில்
இருபத்தெட்டாவது மில்லிமீட்டரைக் கேட்டதில்லை.

அன்றிரவு ஜெலுத்தோங்கில், சாப்பாட்டு மேசையில்,
ஆங்கரை அழித்தேன்.
சுவரைத் தாண்டி உள்ளே போனேன்.
நெருப்பறையில் தொங்கும் காயில்,
முப்பத்தாறு குழாய்,
ஒவ்வொன்றும் ஏழரை மீட்டர்
(சனியைச் சொல்லவில்லை),
மேலே கொக்கிகள், கீழே வழிகாட்டும் முளைகள்,
முளைக்கும் துளைக்கும் நடுவே
மூன்று மில்லிமீட்டர் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையையும் வரைந்தேன்.

ஓட்டினேன். பச்சை.
விட்டுக்கொடுக்கிறதை
விட்டுக்கொடுக்கிறதாகவே வரைந்தால் போதும் போலிருக்கிறது.

அப்படியானால் ஏன் கசிகிறது?

பதினொரு மணிக்கு ரோஸ்லான் படம் அனுப்பினார்.
பிளேஞ்சுக்கு அந்தப் பக்கம், இரண்டாவது ஸ்பிரிங்.
டப்பாவின் இடுப்பில் சிவப்புப் பூட்டு,
கப்பலில் வந்த நாள் மாட்டியது.
பக்கத்தில் தொங்கும் சீட்டு மூன்று மொழியில் கெஞ்சுகிறது:
ஓட்டுமுன் கழற்றவும்.
அதில் இரண்டாவது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

என் மாடலில் அந்த ஸ்பிரிங் சுதந்திரமாக ஆடிக்கொண்டிருந்தது.
பிறையில், தாங்கி என்று பெயர் வைத்துக்கொண்டு
முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தது.
இறங்க வந்த சுமையெல்லாம்
எட்டு போல்ட்டுகள் பங்கு போட்டுக்கொண்டன.
பூட்டியதாக வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.
சிவப்பு, சரியாகப் பிளேஞ்சில்.

வெள்ளிக்கிழமை மழையோடு தீ மூட்டினார்கள்.
நூறு டிகிரி. நூற்றைம்பது.
ரோஸ்லான் டார்ச் பிடித்தார்.
டப்பாவின் சின்னச் சாளரத்தில் ஊசி
முதலில் அசையவே இல்லை.
பிறகு ஒரு சிணுங்கல்,
பிறகு குளிர்க்குறியை விட்டு இறங்கத் தொடங்கியது,
அவசரமில்லாமல்,
ஆறு வருடம் காத்திருந்ததாகக் காட்டிக்கொள்ளாமல்.

முந்நூற்றுப் பத்தில் நின்றது,
சூட்டுக்குறிக்கு இரண்டு மில்லிமீட்டர் மேலே.
விடியும்வரை நின்றேன். அது அசையவில்லை.
பிளேஞ்ச் உலர்ந்திருந்தது.
சர்குணன் விரலால் தடவி,
விரலை முகர்ந்து பார்த்தார்.

அந்த இரண்டு மில்லிமீட்டர் எங்கே போனது?
உராய்வு என்றார் கூ.
அறிக்கையில் நானும் உராய்வு என்றே எழுதினேன்.

பாலத்தில் திரும்பும்போது
ஒவ்வொரு இணைப்பிலும் கார் 'டடக்' என்றது.
எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டேன்.